நலங்கு மாவு வித்தா மணிக்கு எவ்வளவு நிக்கும்? ஐயங்கார்குளத்து நோட்டுக் கணக்கு



காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கு ஐயங்கார்குளம். விஜயநகர காலத்துல தாத்தாச்சாரியார் வெட்டின பெரிய ஏரி, கரையில சஞ்சீவிராயர் கோயில், கொஞ்சம் தள்ளி நடவாவிக் கிணறு. மத்த நாள்ல தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடக்கிற கிணறு அது. சித்ரா பௌர்ணமிக்கு முன்னாடி தண்ணிய இறைச்சு வெளியே எடுப்பாங்க. அன்னிக்கு வரதராஜப் பெருமாள் காஞ்சிபுரத்திலேர்ந்து புறப்பட்டு வந்து, படியிறங்கி, பூமிக்கு அடியில இருக்கிற மண்டபத்துல எழுந்தருளுவார். ஊரே கூடும்.

போன சித்ரா பௌர்ணமிக்குப் போயிருந்தப்ப, கூட்டத்துக்கு நடுவுல என் சித்தி பொண்ணு கையில ஒரு பாக்கெட்ட திணிச்சா. பிரவுன் கவர், மேல கையெழுத்துல "நலங்கு மாவு, 100 கிராம்". அவளே அரைச்சது. மணம் நல்லா இருந்துச்சு.

"அண்ணா, மாசம் 20 பாக்கெட் போகுது. ஹாஸ்டல் பொண்ணுங்க, லைன்ல கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வாங்குறாங்க. வேலைய விட்டுட்டு இதையே பெருசா பண்ணலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நெக்லஸ் கேட்டிருக்கேன், அடகு வச்சா ரெண்டு லட்சம் வரும். நீ என்ன சொல்ற?"

பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவன் வீட்டுல இந்தக் கேள்வி வந்தா தப்பிக்க முடியாது. திருவிழா முடிஞ்ச மறுநாள் உக்காந்தோம். அவகிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு, அதனால எனக்குப் பாதி வேலை மிச்சம். கீழே இருக்கிற விலையெல்லாம் அந்த நோட்டுல இருந்தது. உங்க ஊர் நாட்டு மருந்துக் கடையில கூடக் குறைய இருக்கும்.

முதல்ல ஒரு பாட்ச் எவ்வளவு ஆகுதுன்னு பாத்தோம்

பச்சைப்பயறு 1 கிலோ – 130 ரூபாய்
கடலைப்பருப்பு அரை கிலோ – 50
கஸ்தூரி மஞ்சள் 100 கிராம் – 60
பூலாங்கிழங்கு 100 கிராம் – 50
கோரைக்கிழங்கு 100 கிராம் – 40
காய்ஞ்ச ஆவாரம்பூ 100 கிராம் – 60
காய்ஞ்ச ரோஜா இதழ் 100 கிராம் – 90
வெட்டிவேர் 50 கிராம் – 60
கார்போக அரிசி 50 கிராம் – 30
மில் கூலி – 60

மொத்தம் 630 ரூபாய். எடை 2 கிலோ 100 கிராம். சலிச்சா கப்பி போக 2 கிலோ நிக்கும். அப்போ 100 கிராமுக்கு ஆகுற செலவு 31 ரூபாய் 50 காசு. அவ விக்கிறது 80 ரூபாய்க்கு. "பாதிக்கு மேல லாபம்ணா"ன்னு கண்ணு விரிய சொன்னா.

லாபத்துக்குப் போறதுக்கு முன்னாடி, இத விக்காம நம்ம வீட்டுலயே பயன்படுத்துறவங்க கணக்க ஒரு நிமிஷம் பாக்கலாம். ஏன்னா இந்தப் பதிவ படிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்தக் கட்சிதான். "வீட்டுலயே செஞ்சா காசு மிச்சம்"னு எல்லாரும் சொல்றோம். உண்மையா மிச்சமா?

உடம்பு முழுக்கத் தேய்ச்சுக் குளிக்க ஒரு தடவைக்குக் குறைஞ்சது 10 கிராம் மாவு வேணும். அதுவே 3 ரூபாய் 15 காசு. 45 ரூபாய் சோப்பு ஒருத்தருக்கு 25 நாள் வந்தா ஒரு குளியலுக்கு 1 ரூபாய் 80 காசுதான். அதாவது, சோப்புக்குப் பதிலா தினம் நலங்கு மாவு போட்டா செலவு கூடுது! போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22லேர்ந்து குளியல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலேர்ந்து 5 சதவீதமா இறங்கிடுச்சு. பியூட்டி பார்லர் சேவைக்கும் அப்படியே 5 சதவீதம்.

முகத்துக்கு மட்டும்னா கதை வேற. 3 கிராம் போதும், ஒரு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். 200 ரூபாய் ஃபேஸ்வாஷ் ஏழு வாரம் வந்தா ஒரு நாளைக்கு 4 ரூபாய். அப்போ மாசம் 90 ரூபாய் கையில நிக்கும். இவ்வளவுதாங்க மிச்சம். இதுக்காக எஸ்.ஐ.பி. தொகைய ஏத்த முடியாது.

நிஜமா காசு நிக்கிற இடம், மாசா மாசம் பழக்கத்துக்காகப் போற 1,000 ரூபாய் ஃபேஷியல். வீட்டுல மாவு இருக்கிறதால நீங்க அத ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்னு ஆக்கினா, வருஷத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம். ஆனா ரீல்ஸ் பாத்துட்டு விட்டமின் ஈ கேப்சூல், ரோஸ் வாட்டர், முல்தானி மிட்டி, குங்குமாதி தைலம்னு "வீட்டுத் தயாரிப்புக்கு" 1,500 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு, பாதி டப்பா ஃப்ரிட்ஜ்லயே எக்ஸ்பைரி ஆகுது பாருங்க, அந்தக் கணக்கயும் எழுதணும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுலயும் ரெண்டு டப்பா இருக்கு, அதனால சத்தமா பேசல.

சரி, நோட்டுக்கு வருவோம். 80 ரூபாய்ல 31.50 போக 48.50 லாபம்னு அவ எழுதி வச்சிருந்தா. கவர், லேபிள் ஒரு பாக்கெட்டுக்கு 6 ரூபாய் எழுதவே இல்ல. சாமான் வாங்க டவுனுக்குப் போய் வர பெட்ரோல் 100 ரூபாயும் எழுதல. இருபது பாக்கெட்டுக்கு வரவு 1,600. அதுல 630, 120, 100 மூணையும் கழிச்சா 750. பாக்கெட்டுக்கு 37 ரூபாய் 50 காசு.

அடுத்து நான் கேட்டது நேரம். அவளுக்கு இது பிடிக்கல. "அத யாரு கணக்குப் பண்ணுவாங்க?"ன்னா. விடாம ஒவ்வொண்ணா கேட்டேன். சாமான் வாங்குறது, கல்லு தூசி பொறுக்குறது, மூணு நாள் மொட்டை மாடியில காய வச்சு சாயங்காலம் அள்ளுறது, மில்லுல நிக்கிறது, சலிக்கிறது, எடை போட்டுக் கட்டுறது, வாட்ஸ்அப்ல பதில் சொல்றது. கூட்டினா 14 மணி நேரம்.

மில்லுல நிக்கிறதுக்கே ஒரு அரை நாள் போயிடும். மிளகாய் அரைச்ச மெஷின்ல நலங்கு மாவ போட்டா முகம் எரியும், நலங்கு மாவு அரைச்ச மெஷின்ல அரிசி போட்டா மாவுல வெட்டிவேர் வாசனை வரும். அதனால சீயக்காய், நலங்கு மாவெல்லாம் கடைசியாத்தான் அரைப்பாங்க. சீயக்காய் அரைக்கிற அன்னிக்கு மில் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அந்தத் தும்மல் வீடு வந்தாலும் நிக்காது.

750 ரூபாய வகுத்தல் 14 மணி நேரம். மணிக்கு 53 ரூபாய்.

இப்போ அவ வேலைய அதே மாதிரி பாத்தோம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. சம்பளம் 20,000. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150 பிடிச்சுட்டு கைக்கு 18,050 வருது. அவ சம்பளம்னு சொன்னா அந்த 18,050தான் ஞாபகத்துக்கு வருது. நம்மள்ல நிறைய பேருக்கும் அப்படித்தான். ஆனா பிடிச்ச 1,800 அவ கணக்குலதான் இருக்கு. கம்பெனியும் தன் பங்குக்கு இன்னொரு 1,800 போடுது, அதுல ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி கட்டுறது 3.25 சதவீதம், அதாவது 650 ரூபாய். ஆக அவ உழைப்புக்குக் கம்பெனி மாசம் 22,450 ரூபாய் செலவு பண்ணுது. 26 நாள், 8 மணி நேரம்னு 208 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 108 ரூபாய். கம்பெனி பஸ்ல போய் வர தினம் ரெண்டரை மணி நேரம் ஆகுதுன்னு சண்டை போட்டா. நியாயம்தான், அதையும் சேர்த்தேன். அப்பவும் 82 ரூபாய் வந்துச்சு.

இதுல ரூபாய்ல எழுத முடியாத ஒண்ணும் இருக்கு. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிற வரைக்கும் அவளுக்கும் அவள நம்பி இருக்கிற குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. உடம்பு முடியாம லீவுல இருந்தா, தகுதி இருந்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் வரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். அவளுக்கு வர்ற தையில கல்யாணப் பேச்சு ஓடுது. "வேலைய விட்டா இந்த 26 வாரச் சம்பளமும் போகும், தெரியும்ல?"ன்னு கேட்டப்பதான் நோட்ட மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் அமைதியா இருந்தா.

22,450ஐ மாவுலயே சம்பாதிக்கணும்னா மாசம் 600 பாக்கெட் விக்கணும். 60 கிலோ. இப்ப செய்யிற வேகத்துல 420 மணி நேரம். பெரிய பாட்ச்சா போட்டா நேரம் பாதியா குறையும்னு வச்சுக்கிட்டாலும் 210 மணி நேரம், அதாவது இப்ப பாக்குற அதே அளவு வேலை. ஆனா தினம் 20 பாக்கெட் யாராவது வாங்கணும். ஐப்பசி, கார்த்திகையில மழை விடாம பெய்யிறப்ப எங்க காய வைக்கிறது? நகைக்கடன் ரெண்டு லட்சத்துக்கு வருஷம் 12 சதவீதம்னு வச்சாலே மாசம் 2,000 ரூபாய் வட்டி. வட்டிக்கு மட்டும் 53 பாக்கெட் போகணும். (எப்படியாவது ஆரம்பிச்சே தீரணும்னா முத்ரா கடன்ல சிசு பிரிவுல 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம கேக்கலாம். அம்மா நெக்லஸ்ல கை வைக்கிறது கடைசி வழியா இருக்கட்டும்.)

"சீயக்காய் வித்துப் பெரிய ஆளானவங்க இல்லையா?"ன்னு கேட்டா. இருக்காங்க. கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்புவ சின்னப் பாக்கெட்ல அடைச்சு விக்கலாம்னு யோசிச்சவர். அவர் பையன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழில்லேர்ந்து தனியா வந்து, 1983ல 15,000 ரூபாயோட சிக் ஷாம்புவ ஆரம்பிச்சார். அதுதான் இன்னிக்கு கெவின்கேர். நம்ம வீட்டுல இருக்கிற மீரா சீயக்காயும் அவங்களுதுதான். ஆனா அந்தக் கதைய 15,000 ரூபாயோட நிறுத்திடுறோம். காலி பாக்கெட் அஞ்சு கொண்டு வந்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம்னு அவங்க கடை கடையா ஸ்கீம் ஓட்டினாங்க. முதல்ல எந்த கம்பெனி கவரா இருந்தாலும் சரின்னு வாங்கி, பிறகு சிக் கவர் மட்டும்தான்னு மாத்தினாங்க. ஜெயிச்சது பாக்கெட்டும், அத ஒவ்வொரு பொட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோன வேலையும். அரைக்கிறதுல நம்ம பொண்ணு கெட்டிக்காரி. கடை கடையா ஏறி இறங்குறது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னு அவளே சொன்னா.

லைசென்ஸ் விஷயம், இது யாருமே சொல்றதில்ல

வீட்டுல அரைச்சு நீங்க பூசிக்கிறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். காசுக்கு விக்கிற அன்னிக்கே அது சட்டப்படி "அழகுசாதனப் பொருள்". 1940 மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டமும், 2020ல வந்த அழகுசாதனப் பொருள் விதிகளும் அதுக்குப் பொருந்தும். தயாரிக்கிற இடத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் வேணும். லேபிள்ல தயாரிப்பாளர் முகவரி, பாட்ச் எண், லைசென்ஸ் எண், எந்தத் தேதிக்குள்ள பயன்படுத்தணும்னு எல்லாம் இருக்கணும். சொந்தமா இடம் இல்லாதவங்க, லைசென்ஸ் இருக்கிற இன்னொருத்தர் யூனிட்ல தன் பேர்ல தயாரிக்க "லோன் லைசென்ஸ்"னு ஒரு வழி இருக்கு. சித்த மருந்துன்னு விக்கணும்னா அதுக்கு வேற லைசென்ஸ். "பருவ குணமாகும்"னு லேபிள்ல எழுதினா அது மருந்துக் கணக்குல போயிடும்.

அவ லேபிள்ல "முகப்பரு போகும்"னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதியிருந்தா. அன்னிக்கே அடிச்சாச்சு.

வேலை பாத்துக்கிட்டே இப்படி ஏதாவது விக்கிறவங்க இன்னும் ரெண்டு விஷயம் பாத்துக்குங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "வேறு தொழில் கூடாது"ன்னு வரி இருக்கான்னு படிங்க. அந்த வருமானத்த வருமான வரிக் கணக்குல காட்டணும், அப்படிக் காட்டுற வருஷம் ஐ.டி.ஆர்.-1 படிவம் பத்தாது. ஜி.எஸ்.டி. பதிவ பத்தி இந்த அளவுக்கு இப்ப கவலை வேண்டாம். நம்ம மாநிலத்துல பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் பொதுவா பதிவு தேவையில்ல.

அந்த நோட்டோட பின்பக்கம்

கணக்கெல்லாம் போட்டு முடிச்சப்ப அவ முகம் வாடிப்போச்சு. நான் சும்மா நோட்ட பின்னாடி திருப்பினேன். அங்கதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கலவை. "எண்ணெய் வடியற முகம்: பயறு கூட, பருப்பு குறைச்சு." "வறண்ட தோல்: பாதாம் நாலு, கோரை பாதி." "ஆயா அளவு: மகிழம்பூ ஒரு கைப்பிடி." கஸ்தூரி மஞ்சள் வாங்குறப்ப உள்ள பளிச்சுனு மஞ்சளா இருந்தா சந்தேகப்படணும், வெளிறிக் கர்ப்பூர வாசனை வரணும்னு ஒரு குறிப்பு. ஒரு பக்கத்துல மார்கழிக் கோலம், அடுத்த பக்கத்துல ஆரி ஒர்க் பிளவுசுக்குக் கை டிசைன். மருதாணிக்கு எந்த மரத்து இலை நல்லா செவக்குதுன்னு தெருப் பேரோட எழுதி வச்சிருக்கா.

தப்பா போனதும் எழுதியிருந்தா. எலுமிச்சைச் சாறு பூசிட்டு வெயில்ல துணி காயப்போட்டு, கன்னத்துல கருப்பா திட்டு விழுந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் மேல வெயில் பட்டா புண்ணாகிக் கருக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. டாக்டர் ஃபீஸ், களிம்பு சேர்த்து 900 ரூபாய்னு பக்கத்துலயே குறிச்சிருந்தா. முகத்துக்கு நலங்கு மாவு போட்டு மிச்சம் பிடிக்கிற மாசம் 90 ரூபாய்ல பத்து மாசம் காலி. அதுக்கப்புறம் எதையும் முதல்ல முழங்கையோட உள்பக்கம் பூசி ஒரு நாள் விட்டுப் பாக்குறாளாம். கடையில கிடைக்கிற "கருப்பு மருதாணி" பக்கமே போறதில்ல. அதுல கலக்கிற முடிச்சாயக் கெமிக்கல் பி.பி.டி., சிலருக்குக் கொப்புளம் வர வச்சிடும். நல்ல பழக்கம், ரெண்டும்.

"இதுல உனக்கு எது பிடிக்கும்?"னு கேட்டேன். யோசிக்காம சொன்னா: "ஒவ்வொருத்தருக்கும் மாத்தி மாத்திக் கலக்குறதுதாண்ணா."

லைசென்ஸ் வாங்கி மாசம் 60 கிலோ போட்டா அதுதான் முதல்ல போகும். எல்லா பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கணும், பாட்ச் எண்ணுக்கு ஒரே அளவு. மகிழம்பூ கிடைக்கிற சீசன்ல ஒரு கைப்பிடி கூடப் போட முடியாது. அவ வேலைய விட்டுட்டு, இன்னொரு வேலைக்குத்தான் போறா, அதுவும் மணிக்கு 53 ரூபாய்க்கு. இத நான் சொன்னதும் "அப்போ விட்டுடவா?"ன்னு கேட்டா. விக்கிறத மட்டும் நிறுத்துன்னேன். மத்தத எதுக்கு விடணும்?

ரெண்டு வாரம் கழிச்சு போன் வந்துச்சு. பாக்கெட் கேட்டவங்ககிட்ட "நான் விக்கல, ஞாயித்துக்கிழமை வாங்க, சொல்லித் தர்றேன்"னு சொல்லியிருக்கா. ஆளுக்கு 250 ரூபாய். சாமான அவங்கவங்க வாங்கிட்டு வரணும், லிஸ்ட் முன்னாடியே அனுப்பிடுவா. அவங்க தோலுக்கு என்ன அளவுன்னு உக்காந்து பேசி, கலந்து, மில்லுக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க மாவ அவங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. விக்கிறது சொல்லித் தர்ற வேலைய மட்டும்தான். முதல் வகுப்புக்கு எட்டுப் பேர், 2,000 ரூபாய், நாலு மணி நேரம். மணிக்கு 500.

ரெண்டாவது வகுப்புக்கு மூணே பேர்தான் வந்தாங்க, அதயும் சொல்லிடுறேன். அன்னிக்குக் கம்பெனியில ஓவர்டைம். மூணாவதுக்கு மழை. நெக்லஸ் பீரோவுலயே இருக்கு, வேலையும் இருக்கு.

மில்லுக்காரர்தான் இப்ப ஒரு கண்டிஷன் போட்டிருக்காராம். இத்தனை பேர் வந்து வெட்டிவேரும் ரோஜாவும் அரைச்சா மறுநாள் மாவெல்லாம் மணக்குதுன்னு மத்தவங்க சண்டைக்கு வர்றாங்க, அதனால ஒவ்வொரு வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு கிலோ பச்சரிசி கொண்டு வந்து போட்டு மெஷின சுத்தம் பண்ணிட்டுத்தான் போகணும்னு. அந்த அரிசிய வகுப்புச் செலவுல எழுதுறதா, இல்ல அந்த மாவுல சித்தி கோலம் போடுறதால வீட்டுச் செலவுல எழுதுறதான்னு நேத்து ராத்திரி எனக்கு மெசேஜ் பண்ணியிருக்கா. இன்னும் பதில் போடல.